பிரிம்பூல் வெட்டிப்பேச்சு மேம்பாட்டுத் திட்டம்

ஆஸ்திரேலியாவில், பிரிம்பூலில் வாழும் ஒரு குடிமகன் காலையில் எழுந்ததும் ஆற்ற வேண்டிய கடமைகள் மூன்று. கெட்டிலைப் போட வேண்டும். வானத்தை அண்ணாந்து பார்த்து, இன்றைக்கும் மழை இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு செல்பேசியைத் திறந்து மெர்வ் டக்கெட்டைத் திட்ட வேண்டும். முதல் இரண்டு கடமைகளில் சிலர் சோம்பல் காட்டியதுண்டு. மூன்றாவதை யாரும் தவறவிட்டதில்லை.

என் பெயர் டோரீன். ஊருக்குள் பேக்கரி வைத்திருக்கிறேன். ஊருக்குள் என்றால், பேக்கரி, ட்ரெவரின் பப், ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மண்டபம், அவ்வளவுதான் ஊர். மற்ற ஜனமெல்லாம் கோதுமைக்கும் ஆட்டுக்கும் நடுவே, ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காத தூரத்தில் சிதறிக் கிடக்கிறது. லாமிங்டன் எப்போது தயாராகும் என்று ஜனத்துக்குச் சொல்லலாமே என்று நான்தான் செல்பேசியில் ஒரு குழு தொடங்கினேன். லாமிங்டன் என்பது கேக்கைச் சதுரமாக வெட்டி, சாக்லேட்டில் முக்கி, தேங்காய்த்துருவலில் புரட்டுவது. ஒரே வாரத்தில் லாமிங்டனைப் பற்றிக் கேட்பார் இல்லை. குழுவின் பெயரும் தானாக 'பிரிம்பூல் வெட்டிப்பேச்சு' என்று மாறிவிட்டது.

மாற்றியவன் மெர்வ். மண்ரோடு முடிகிற இடத்தில் ஆடுகளோடு தனியாக இருக்கிறான். அவன் பண்ணையில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். உயரமான இரும்பு மேடை மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். தினமும் காலையில் மனிதன் ஏணி வைத்து அங்கே ஏறி, உலகத்துக்கு ஒரு தகவலை அருளிவிட்டு இறங்குவான். ஆக்டோபஸுக்கு இதயம் மூன்று. வெள்ளாட்டின் கண்மணி நீள்சதுரம். இந்த மாதிரி, யாருக்கும் எந்தக் காலத்திலும் உதவாத தகவல்களாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பான்.

ஒருநாள், வாம்பட் என்கிற பிராணி போடும் சாணம் கனசதுர வடிவத்தில் இருக்கும் என்று போட்டான். போட்டதும் ட்ரெவர் கேட்டான், "நீ போய் ஸ்கேல் வச்சு அளந்தியா?"

"அளந்தேன்," என்று மெர்வ் பதில் போட்டான். "டோரீன் போடுற லாமிங்டனைவிட மூலை கச்சிதமா இருந்துச்சு."

இதற்குமேல் நான் சும்மா இருந்தால் என் தொழிலுக்கே மரியாதை இல்லை. அன்று சாயங்காலம் வரை சண்டை ஓடியது. ஊரே வேலையைப் போட்டுவிட்டு வந்து கலந்துகொண்டது. அப்படி ஒரு நல்ல நாள் அது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்து 'நல்லா இருக்கியா?' என்று கேட்கும் வழக்கம் இல்லை. கேட்டால், 'ஏன், சாகிற மாதிரி தெரியுதா?' என்று முகம் சுருங்கிவிடும். அதற்குப் பதிலாக எங்களிடம் ஓர் ஏணி இருந்தது. அலுமினிய ஏணி, ஒரு படி வளைந்தது. யார் வாங்கியது என்று யாருக்கும் தெரியாது. குழுவில் வழக்கமாக வாய் கொடுக்கும் ஆள் காலைப் பத்து மணித் தேநீர் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை என்றால், ஏணி யாரிடம் இருக்கிறதோ அவர் அதைத் தூக்கித் தன் யூட் என்கிற சின்னச் சரக்கு வண்டியின் பின்தட்டில் போட்டுக்கொண்டு கிளம்புவார்.

"இந்தா, உன் ஏணி. ரொம்ப நாளா என்கிட்டயே கிடக்கு."

"என் ஏணி இல்லையே இது. சரி, வந்தது வந்துட்ட, ஒரு டீ குடிச்சிட்டுப் போ."

ஆள் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துவிடும். ஏணி இப்போது அவனிடம் இருக்கும். அடுத்த முறை வாய் மூடிக் கிடப்பது அவனாகவே இருந்தால், 'ஏணி கொஞ்சம் கொடு' என்று வாங்கப் போகலாம். ஏணி இல்லாத ஊர்களில் மனிதர்கள் எப்படி நலம் விசாரித்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்படி நாங்கள் எங்கள் பாட்டுக்கு ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டு சௌக்கியமாக இருந்தபோது, கிராமப்புறத் தனிமையை ஒழிப்பது என்று அரசாங்கம் முடிவு செய்துவிட்டது. ஒழிப்பதற்கு நிதியும் வந்தது. நிதி வந்தபின் தனிமை இருந்தே ஆக வேண்டும் அல்லவா? எங்கள் வட்டாரக் கவுன்சில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க மெல்போர்னிலிருந்து ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தது. பெயர் பிரையனி. பதவி, சமூக உரையாடல் மேம்பாட்டு அலுவலர்.

பிரையனி முதலில் என் கடைக்குத்தான் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மூங்கில் மூடி போட்ட சொந்தக் கோப்பை. ஓட்ஸ் பாலில் காபி கேட்டாள். எங்கள் வட்டாரத்தில் ஓட்ஸ் நன்றாகவே விளைகிறது, ஆனால் யாரும் அதைக் கறந்து பார்த்ததில்லை என்று சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல பெண், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்களை நாசம் செய்தவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை.

"உங்க குழுவை முழுசா ஆய்வு பண்ணிட்டோம் டோரீன். அடித்தளம் பிரமாதம். ஆனா பேச்சுல ஒரு நோக்கமே இல்லையே."

"வெட்டிப்பேச்சும்மா அது."

"அதேதான். அந்த வெட்டிப்பேச்சை முறையாப் பேசினா எவ்வளவு பலன் இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியிருந்தது. மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சாண்ட்விச் கொடுத்தார்கள். இன்னொரு சாண்ட்விச் வேண்டும் என்று கை தூக்கியவர்களை எண்ணி, திட்டம் ஏகமனதாக நிறைவேறியது என்று அறிவித்தார்கள். எனக்கு 'உரையாடல் தூதர்' என்று ஒரு வில்லை குத்திவிட்டார்கள். நீல நிறம். என் ஏப்ரனுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

'பழைய குழுவை மூடிவிட்டு அனைவரும் கவுன்சிலின் இணைவோம் என்ற புதிய செயலிக்கு இடம்பெயர வேண்டியது' என்று உத்தரவு வந்தது. இடம்பெயர்ந்தோம். அங்கே தகவல் சொல்ல விரும்பும் குடிமக்கள் முதலில் அதைப் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும். தகவல் சுவையானதா, ஆதாரம் உள்ளதா, நேர்மறையானதா என்று அலுவலகம் பார்க்கும். பார்ப்பதற்குச் சில வேலை நாட்கள் ஆகும். தேறிய தகவல்கள் வரிசையில் நின்று, ஒரு நாளைக்கு ஒன்றாக, அனுப்பியவர் பெயரில் கம்ப்யூட்டராலேயே வெளியிடப்படும். இதற்கு 'சீரான மகிழ்ச்சி விநியோகம்' என்று பெயர். பாதுகாப்பை முன்னிட்டுத் தனிச்செய்தி அனுப்பும் வசதி கிடையாது. பதில் எழுதவும் முடியாது. பதிலுக்கு மூன்று பட்டன்கள் உண்டு: 'அருமை', 'புதிதாகக் கற்றேன்', 'உங்களோடு இருக்கிறேன்'.

முதல் நாள் மெர்வின் தகவலுக்கு ட்ரெவர் வெகுநேரம் விரலை வைத்துக்கொண்டு திணறினான். திட்டுவதற்குப் பட்டன் இல்லை. கடைசியில் 'உங்களோடு இருக்கிறேன்' என்பதை அமுக்கிவிட்டு, வெட்கம் தாங்காமல் அன்றைக்கு பப்பைச் சீக்கிரமே மூடிவிட்டான்.

மெர்வ் பிடிவாதக்காரன். தன் தலையில் இருந்த தகவல்களையெல்லாம் ஒரே மூச்சில் எழுதிப் பரிசீலனைக்கு அனுப்பிவிட்டான். எக்கிட்னா என்கிற முள்ளுடம்புப் பிராணியின் இல்லற வாழ்க்கை பற்றிய ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் தேறின. ஆகவே மெர்வ் எழுதினாலும் எழுதாவிட்டாலும், தூங்கினாலும் விழித்தாலும், தினம் காலையில் அவன் பெயரில் ஒரு தகவல் வந்து விழ ஏற்பாடாகிவிட்டது. இதன் அர்த்தம் என்னவென்று அப்போது எங்கள் மண்டையில் உறைக்கவில்லை.

இனி நான் சொல்லப் போவது, பின்னால் மெர்வ் சொல்லித் தெரிந்துகொண்டது. இருந்தாலும் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்களைப் புத்திசாலிகள் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஒருநாள் காலையில் மெர்வ் வழக்கம்போல ஏணி வைத்துத் தொட்டி மேடைக்கு ஏறினான். அவனுடைய மர ஏணி முறிந்துவிட்டதால் ஊர் ஏணிதான், அந்த முறை அது அவன் வீட்டில் இருந்தது. அவனிடம் சார்ஜென்ட் என்று ஒரு செம்மறிக் கடா உண்டு. சார்ஜென்ட்டுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் தன்னை அவமதிக்கிற மாதிரியே தோன்றும். அன்று ஏணியைப் பார்த்துத் தோன்றியது. ஒரே முட்டு. ஏணி கீழே, மெர்வ் மேலே. விழுந்த ஏணியின் மேல் நின்றுகொண்டு சார்ஜென்ட் அண்ணாந்து பார்த்தது.

மெர்வுக்கு முழங்கால் சரியில்லை, குதிக்க முடியாது. முழங்கால் நன்றாக இருந்தாலும் கீழே சார்ஜென்ட். தொட்டியில் தண்ணீர் இருந்தது. மேடைக்கு ஒரு யூகலிப்டஸ் மரத்தின் நிழலும் இருந்தது. சட்டைப்பையில் என் கடை லாமிங்டன்கள் ஒரு பொட்டலம். போனில் பேசலாம் என்று பார்த்தால், அங்கே வரும் சிக்னலுக்குச் செயலியில் எழுதுவது போகும், குரலோ எஸ்.எம்.எஸ்ஸோ போகாது. ட்ரெவரைக் கூப்பிட்டான். 'ஹ' என்பது மட்டும் ட்ரெவருக்குக் கேட்டது. சோலார் பேனல் விற்கிறவன் என்று நினைத்து வைத்துவிட்டான். அவசர உதவியை ஏன் கூப்பிடவில்லை என்று பிறகு நான் கேட்டேன். 'ஆட்டுக்குப் பயந்து தொட்டிமேல உக்காந்திருக்கேன், ஹெலிகாப்டர் அனுப்புங்கன்னா சொல்லச் சொல்ற?' என்று அவன் திருப்பிக் கேட்டான். அதுவும் நியாயம்தான்.

ஆகவே மெர்வ் முறைப்படி விண்ணப்பித்தான். 'ஏணி விழுந்துவிட்டது. யாராவது வாங்க.'

மறுப்பதற்கு மட்டும் வேலை நாட்கள் ஆகாது போல, உடனே பதில் வந்தது: 'அன்புள்ள பங்களிப்பாளருக்கு, தங்கள் பதிவில் சுவையான தகவல் ஏதும் காணப்படவில்லை. மேலும் முயலுக. தங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்.'

மெர்வ் மேலும் முயன்றான். 'செம்மறிக் கடா ஒரே முட்டில் ஏணியைச் சாய்த்துவிடும். கண்ணால் கண்டேன். இன்னும் கண்டுகொண்டிருக்கிறேன்.'

இதுவும் தேறவில்லை. சாட்சி ஒருவர் மட்டுமே என்பது ஒரு குறை. வட்டாரத்தின் முதன்மைத் தொழிலுக்கு ஆதாரமான ஆட்டினத்தை எதிர்மறையாகச் சித்தரிப்பது இன்னொரு குறை.

இப்படி எழுதி எழுதி, லாமிங்டனைக் கிள்ளிக் கிள்ளித் தின்று, மெர்வ் அங்கேயே உட்கார்ந்திருந்தான். பொழுது விடிந்தது, சாய்ந்தது, மறுபடியும் விடிந்தது. ஒவ்வொரு காலையும் அவன் கையிலிருந்த போனிலேயே அவனுடைய தகவல் வந்து விழுந்தது. கங்காரு மெதுவாக நடக்கும்போது வாலை ஐந்தாவது காலாகப் பயன்படுத்துகிறது, மெர்வ் டக்கெட். அதன் கீழே எங்களுடைய 'அருமை'கள் வரிசையாக நின்றன.

ஏணிச் சட்டம் தெளிவானது: தகவல் வந்தால் ஆள் நலம். பத்து மணிக்குள் தகவல் வந்துவிட்டது. ஆகவே யாரும் கிளம்பவில்லை. அலுவலகத்தைச் சொல்கிறோமே, நாங்கள் மட்டும் என்னவாம்!

கடைசியில் மெர்வுக்கு அலுவலகத்தின் நாடி பிடிபட்டது. 'தொட்டி மேலிருந்து பார்த்தால் பிரிம்பூல் மிகவும் அழகாக இருக்கிறது. அனைவரும் நேரில் வந்து கண்டு மகிழுங்கள். வரும்போது ஆள் ஒருவர் வந்து ஏணியை நிமிர்த்தி வைக்கவும்' என்று எழுதி, ஒரு படமும் எடுத்து அனுப்பினான். பிரையனி உருகிப் போய்விட்டாள். சுற்றுலாப் பிரிவில் சேர்த்து, வரிசையைத் தாண்டி மறுநாளே வெளியிட்டாள். ஏணி பற்றிய வரியை மட்டும் பாதுகாப்பை முன்னிட்டு நீக்கிவிட்டாள்.

ஊரே அமுக்கிய அமுக்கில் செயலி சூடேறியது. நானும் 'அருமை' அமுக்கினேன். அமுக்கிவிட்டு ரொட்டி அடுக்கும்போது ட்ரெவர் கடைக்கு வந்தான்.

"பார்த்தியா அந்தப் படத்தை? மெர்வ் கெட்டுப்போயிட்டான் டோரீன். 'அழகா இருக்கு'ன்னு எழுதறான்."

"மழை பெஞ்சப்பவே அவன் அப்படிச் சொன்னதில்லையே."

"அதான் எனக்கும் ஒரு மாதிரியா இருக்கு."

எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் தகவல்தான் வந்துவிட்டதே. ஒரு மாதிரியாக இருக்கிறது என்பதற்காகவெல்லாம் ஒருவன் வீட்டுக்குப் போய் நிற்க முடியுமா? கையில் என்ன கொண்டு போவது?

மெர்வைக் காப்பாற்றியது, எங்கள் அக்கறை என்று சொல்ல ஆசைதான். காப்பாற்றியது ஒரு பரிசு. ஒரு காலைகூடத் தவறாமல் பங்களித்தவர் என்று கணக்குப் பார்த்து, மெர்வ் டக்கெட்டை மாதத்தின் சிறந்த உரையாடலாளர் என்று கவுன்சில் தேர்ந்தெடுத்தது. கேடயத்தை வீட்டுக்கே போய்க் கொடுத்துப் படம் எடுப்பது என்று முடிவாயிற்று. தூதர் என்ற முறையில் நானும் போனேன். படம் எடுக்க, கவுன்சிலின் பாதுகாப்பு அலுவலர் நைஜல் மஞ்சள் சட்டையோடு வந்தார். மெர்வை நேரில் திட்டுவதற்கு எந்தச் செயலியின் அனுமதியும் தேவையில்லை என்று ட்ரெவரும் தொற்றிக்கொண்டான்.

போய்ப் பார்த்தால், தொட்டி மேடையின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டபடி மெர்வ். முகமெல்லாம் தாடி. கீழே, ஏணி மேல், சார்ஜென்ட்.

"வாழ்த்துக்கள் மெர்வ்!" என்று பிரையனி கேடயத்தைத் தூக்கிக் காட்டினாள். "கீழ வாங்க, படம் எடுக்கணும்."

"ஏணி," என்றான் மெர்வ். குரல் கரகரத்தது.

"ஆமா, ஏணின்னு ஏதோ எழுதியிருந்தீங்கல்ல. நான்கூட அதை எடுத்துட்டேன்."

மெர்வ் அவளைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். இதைக் குடும்பத்தோடு படிக்கிறவர்கள் இருப்பீர்கள்.

ட்ரெவர் ஏணியை எடுக்கக் குனிந்தான். நைஜல் கையைக் குறுக்கே நீட்டினார். ஏணியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வளைந்த படியைப் பார்த்தார். ஏணியில் பரிசோதனை ஒட்டுச்சீட்டு இல்லை என்பதையும் பார்த்தார்.

"இந்த ஏணியை யாரும் தொடக்கூடாது."

"யோவ், மேல ஆள் இருக்கான்யா."

"எனக்கும் தெரியுது. ஆனா ஏணியோட நிலைமையை நான் பார்த்துட்டேன். பார்த்தப்புறம் அனுமதிச்சா என் பொறுப்பாயிடும்."

"பார்க்கலைன்னு நினைச்சுக்க."

"பார்த்துட்டேனே," என்றார் நைஜல், உண்மையிலேயே வருத்தத்தோடு. பையிலிருந்து 'பயன்படுத்தக் கூடாது' என்ற சிவப்பு அட்டையை எடுத்து ஏணியில் கட்டினார். சார்ஜென்ட் அதைத் தின்றது. தின்று முடித்துவிட்டு மஞ்சள் சட்டையைப் பார்த்தது.

அந்தச் சட்டையில் என்ன அவமதிப்பைக் கண்டதோ தெரியாது. அடுத்த கணம் நைஜல் ஓட, சார்ஜென்ட் துரத்த, தொட்டியை இரண்டு சுற்று வந்தார்கள். மூன்றாவது சுற்றில் நைஜல் போகிற போக்கில் அந்த ஏணியையே நிமிர்த்தி, மேடையில் சாய்த்து, வளைந்த படி உட்பட எல்லாப் படியிலும் கால் வைத்து மேலே போய்ச் சேர்ந்தார். அவ்வளவு ஒழுங்காக யாரும் ஏணி ஏறி நான் பார்த்ததில்லை. நான் ஒரு லாமிங்டனைக் காட்டிச் சார்ஜென்ட்டைக் கொட்டிலுக்குள் விட்டு அடைத்தேன். ட்ரெவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மெர்வ் ஒவ்வொரு படியாக இறங்கினான்.

தரையில் கால் பட்டதும் மெர்வ் நேரே ட்ரெவரிடம்தான் பேசினான். "நான் மேல கிடந்து சாகறேன். நீ 'உங்களோடு இருக்கிறேன்'னு அமுக்கிட்டு இருக்க."

ட்ரெவர் ஏணியைப் பிடித்தபடியே தலையைக் குனிந்துகொண்டான். ஊரில் யாரும் பார்க்காத காட்சி அது. "அந்த ஒரு பட்டன்தான்டா இருந்துச்சு," என்றான் கடைசியில்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு மனிதன் தொட்டி மேல் பட்டினி கிடக்க, நான் அவனுக்கு 'அருமை' என்று அமுக்கியிருக்கிறேன். அழுதால் நன்றாக இருக்காது என்று கொட்டிலுக்குப் போய் ஆட்டைக் கண்டபடி திட்டிவிட்டு வந்தேன்.

நைஜல் மட்டும் இறங்க மாட்டேன் என்றார். ஏறியது அவசரநிலை, அதற்கு விதிவிலக்கு உண்டு. இப்போது ஆடு அடைபட்டுவிட்டதால் இறங்குவது திட்டமிட்ட பணி ஆகிவிடுகிறது, திட்டமிட்ட பணிக்குத் தகுதியான ஏணி வேண்டும் என்று மேலிருந்தே விளக்கினார். பிரையனி தலைமை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லப் போனாள்.

"தொட்டில தண்ணி இருக்கு," என்று மெர்வ் அவருக்குச் சொன்னான். "ஓரத்துல பாதி லாமிங்டன் வச்சிருக்கேன். பார்த்துச் சாப்பிடுங்க, மூலை குத்தும்." நாங்கள் உள்ளே போய் டீ போட்டோம்.

இந்தச் சம்பவத்தை அடுத்துக் கவுன்சில் விசாரணை நடத்தி அறிக்கை வெளியிட்டது. திட்டம் பெருவெற்றி. தனியாக வாழும் குடிமகன் ஒருவரை நான்கு பேர் நேரில் சந்திக்கச் செயலி வழிவகுத்துள்ளது. குறைபாடு ஒன்றே ஒன்று: பிரிம்பூல் வட்டாரத்தில் தரமான ஏணிகள் இல்லை. ஆகவே இதனால் சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில், வீட்டுக்கு ஓர் ஏணி இலவசம்.

இலவசம் என்றதும் எங்களுக்கு வந்த சுறுசுறுப்பைப் பார்க்க வேண்டும். வரிசையில் நின்றோம். நானும் நின்றேன், வில்லையைக் குத்திக்கொண்டு முன்னால் நின்றேன். பளபளக்கும் ஏணி, ஒட்டுச்சீட்டோடு, அவரவர் பெயர் பொறித்தது. பழைய ஏணியை நைஜல் எங்கள் கண் முன்னால் மெஷினில் கொடுத்து நசுக்கினார். நாங்கள் கை தட்டினோம். செயலியை யாரும் திறப்பதில்லை என்று தெரிந்ததும் கவுன்சிலும் அதை மறந்தது. பழைய வெட்டிப்பேச்சுக் குழுவை நான் மீண்டும் திறந்தேன். மெர்வ் தகவல் போட்டான், நாங்கள் ஏசினோம், எல்லாம் சுபம் என்றுதான் நினைத்தோம்.

பிறகு ஒரு காலையில் மெர்வின் தகவல் வரவில்லை. பத்து மணி ஆயிற்று. தேநீர் ஆறியது. நான் ஏணியைத் தேடிப் பின்கட்டுக்குப் போனேன். ஏணி நின்றது, 'டோரீன்' என்று பெயரோடு. அதைக் கொண்டு போய் 'உன் ஏணி, இந்தா' என்று எந்த வாயால் சொல்வது? அவனிடம் கடன் வாங்கப் போகலாம் என்றால், என்னிடம்தான் குத்துக்கல்லாட்டம் ஒன்று நிற்கிறதே. அப்போதுதான் எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட ஆப்பு என்னவென்று புரிந்தது.

ட்ரெவர் வந்தான். என் ஏணியைப் பார்த்தான்.

"உன்னுது நல்லாத்தான் இருக்கு."

"உன்னுது?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு, சனியன்."

பிறகு நான் ஏணியை எடுத்துத் தரையில் படுக்க வைத்து, யூட் வண்டியில் ஏறி, அதன் மேல் பின்னோக்கி ஓட்டினேன். ஒருமுறை போதவில்லை, தரமான ஏணி.

"அடடா, ஏணி போச்சே," என்றான் ட்ரெவர் திருப்தியோடு. "மெர்வ்கிட்ட கேட்டுப் பார்ப்போம், வா."

நாங்கள் போய் இறங்கியபோது, மெர்வ் முற்றத்தில் சம்மட்டியால் தன் ஏணியைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் சம்மட்டியைப் பின்னால் மறைத்தான்.

"போன் தொட்டிக்குள்ள விழுந்துடுச்சு," என்றான். "இங்க ஏணியையும் சார்ஜென்ட் உடைச்சுட்டான். உங்ககிட்டதான் கேட்க வரலாம்னு இருந்தேன்."

சார்ஜென்ட் தூரத்தில், கட்டிப்போட்ட இடத்தில், அசை போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"சரி, வந்தது வந்துட்டீங்க," என்றான் மெர்வ். கெட்டில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பிரிம்பூலில் ஏணிகளுக்கு ஏதோ நோய் வந்துவிட்டது. ஒருவர் ஏணி கிணற்றில் விழுந்தது. ஒருவர் ஏணியை அறுவடை இயந்திரம் விழுங்கியது. ஒரு மகானுபாவர், தன் அலுமினிய ஏணியைக் கரையான் அரித்துவிட்டதாகக் கவுன்சிலுக்கு எழுதியே கொடுத்தார். கவுன்சில் புள்ளிவிவரத்தைப் பார்த்துத் திகைத்தது. ஆஸ்திரேலியாவில் இப்படி ஏணி உடைக்கும் ஜனம் வேறெங்கும் இல்லை என்று பேசிக்கொண்டார்களாம். இன்னொரு நிதி வந்தது. 'ஏணி அறிவு இயக்கம்'. மண்டபத்தில் வாரா வாரம் வகுப்பு, நடத்துவோர் பிரையனி மற்றும் நைஜல்.

முதல் வகுப்புக்கு ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள். மழைத்தண்ணீர்த் தொட்டியும் காற்றாடிக் கம்பமும் கோதுமைக் குதிருமாக ஏறி ஏறியே வளர்ந்த ஜனம், பத்து மணித் தேநீரோடு பெஞ்சில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. மெர்வ் எக்கிட்னாவின் இல்லற வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கியிருந்தான். அப்படி ஒரு சிரிப்பு அந்த மண்டபத்தில் நான் கேட்டதில்லை.

பிரையனி முன்னால் வந்து நின்றாள். எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் ஏதோ தட்டுப்பட்டுவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

"உண்மையைச் சொல்லுங்க," என்றாள் மெல்ல. "ஏன் உங்க ஏணியெல்லாம் உடையுது?"

ஒரு வார்த்தை போதும். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கணும் போல இருந்துச்சு என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் போதும். அந்தப் பெண் புரிந்துகொள்வாள், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். நான் ட்ரெவரைப் பார்த்தேன். ட்ரெவர் மெர்வைப் பார்த்தான். மெர்வ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தான்.

"எங்களுக்கு ஏணி ஏறத் தெரியலைம்மா," என்றான்.

ஆமாம் ஆமாம் என்று ஊரே தலையாட்டியது. எனக்கும் அப்பாடா என்று இருந்தது. பிரையனி பெருமூச்சு விட்டு அதை எழுதிக்கொண்டாள். நைஜல் பளபளக்கும் ஏணி ஒன்றைச் சுவரில் சாய்த்து, வகுப்பின் முதல் விதியை அறிவித்தார். நாங்கள் வரிசையாக எழுந்து போய், முதல் படியில் வலது காலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பழகினோம்.

முதல் விதி என்னவென்றால், வகுப்பில் வெட்டிப்பேச்சு கூடாது.